நம்ம ஊர் வழக்கு எங்கே போகிறது?



கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அதற்காகப் பல வருஷமாக வழக்கு நடக்கிறது. கீழ்க் கோர்ட்டுகளில் எங்களுக்குத் தோல்வி. அப்பா சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டார். போன லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

ஏன் சென்னை?

"ஏம்பா, நாம புதுச்சேரி மாநிலம்தானே, எதுக்கு சென்னை?" என்று பஸ்ஸில் கேட்டேன். "அது அப்படித்தான் தம்பி" என்றார் அப்பா. உண்மைக் காரணம் இதுதான். 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் காலத்தில் இங்கே பிரெஞ்சுச் சட்டம். பெரிய வழக்குகள் புதுச்சேரிக்குப் போகும், அதற்கும் மேலே பாரிஸ் வரை போகலாம். 1954 நவம்பர் 1-இல் நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அந்த ஆண்டே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் நமக்கும் வந்தது. கடல் தாண்டிப் போன வழக்கு, இப்போது சுமார் 300 கிலோமீட்டர்தான் போகிறது!

சிவப்புக் கட்டடம்

உயர்நீதிமன்றம் தொடங்கியது 1862-இல். பாரிமுனையில் இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. கோபுரமும் குவிமாடமுமாக அரண்மனை போல இருக்கிறது. இந்த பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். இதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. அதை நினைவுபடுத்தும் கல்வெட்டு இந்த வளாகச் சுவரில் உண்டு.

உள்ளே முத்துசாமி அய்யர் சிலை இருக்கிறது. 1832-இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு வேலை பார்த்தார். பிறகு இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். நம்ம டெல்டாக்காரர்!

நான் கற்ற பாடம்

அன்று வழக்கு வாய்தா ஆகிவிட்டது. அப்பா வெளியே வந்து, "கட்டடம் நல்லாத்தான் இருக்கு. வந்து போற செலவுக்கு அந்த வரப்பையே வித்துடலாம் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு வந்து சார் ஒருவரிடம் கேட்டேன். அவர் 'மக்கள் நீதிமன்றம்' பற்றிச் சொன்னார். காரைக்காலிலும் அது நடக்கிறது. கட்டணம் இல்லை. இரண்டு பேரும் சம்மதித்தால் சமரசம் செய்து வைப்பார்கள். அதுவே முடிவான தீர்ப்பு, அதன்மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் ஏற்கெனவே கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஹைகோர்ட்டில் உள்ள வழக்கைக்கூட இப்படி முடிக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஏழைகள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவியும் உண்டு.

அப்பா "சரி" என்றுவிட்டார். பெரியப்பாவிடம் யார் கேட்பது? இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இந்தப் பொங்கலுக்குக் கரும்பு எடுத்துக்கொண்டு நானே போகப் போகிறேன்.

சிந்திக்க: உங்கள் வீட்டு வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்