பம்ப் நிற்கும் வேளை

மருமகனுக்கு,

டொராண்டோவில் நீ குடியிருக்கும் வீட்டின் கூடத்தில் கடல்மீன் தொட்டியை வைத்து, அதன் நீரைச் சுத்திகரிக்கும் சாதனங்களை எல்லாம் கீழேயுள்ள நிலவறையில், அதாவது நீங்கள் பேஸ்மென்ட் என்று சொல்லும் இடத்தில், ஒரு சம்ப் அமைத்து அதிலே வைத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். தாராளமாக வைக்கலாம். இரைச்சல் கூடத்தைவிட்டு அகலும். சம்ப்பும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். நீர் மாற்றுவதும் சுலபமாகும். ஆனால், கடைக்குப் போய் எந்தப் பம்ப் அதிக சக்தியுடையது என்று விசாரிப்பதற்கு முன்பாக, அந்தப் பம்ப் திடீரென்று நின்றுபோனால் மேலேயுள்ள ஜலத்தில் எவ்வளவு, எந்த வழியாக, எங்கே போய்ச் சேரும் என்பதை நீ காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் தரைக்கடியில் சம்ப்பும் மொட்டை மாடியில் தொட்டியும் இருப்பதைப் போன்றதுதானே இதுவும் என்று உனக்குத் தோன்றலாம். நம் வீட்டு மோட்டார் சிறிது நேரம் ஓடி, தொட்டி நிரம்பியதும் ஓய்ந்துவிடுகிறது. உன் பம்போ இரவும் பகலும் ஓட வேண்டும். அது ஏற்றுகிற அதே அளவு நீர், அதே வேகத்தில், தானாகவே கீழே இறங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். தொட்டியின் விளிம்பை ஒட்டிய பெட்டிக்குள் மேற்பரப்பு நீர் வழிந்து, இறங்கு குழாய் வழியாகச் சம்ப்பை அடைந்து, அங்கே அழுக்கைப் பிரிக்கும் சாதனங்களைக் கடந்து, கடைசி அறையிலிருந்து பம்பினால் மறுபடி மேலேறுகிறது. இச்சுழற்சி இடையறாது நிகழும்வரை கவலையில்லை.

அது இடையறும் வேளை நிச்சயமாக வரும். 2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஒன்டாரியோ மாகாணத்தின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் வடகிழக்குப் பிரதேசத்தின் பல பகுதிகளும் ஒருசேர மின்சாரம் இழந்தன. 2013 டிசம்பரில் உறைமழை பெய்து மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள் அறுந்தபோது, உன் நகரத்தில் எத்தனையோ வீடுகள் கடுங்குளிரில் நாள்கணக்காக இருளில் கிடந்தன. உன் தொட்டி 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையது என்று எழுதியிருக்கிறாய். அதில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் 5.4 லிட்டர் இறங்கிவிடுகிறது. நீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் 4 செ.மீ. ஆழத்தில் மூழ்கியிருக்குமானால், பம்ப் நின்ற கணமே அக்குழாய் சைபனாக மாறி, வாய் காற்றில் வெளிப்படும்வரை நீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அதுவே 21.6 லிட்டர். இத்துடன் 25 மி.மீ. உள்விட்டமுள்ள ஏறுகுழாயின் 4 மீட்டர் நீளத்தில் நிற்கும் 2 லிட்டரையும், 40 மி.மீ. இறங்கு குழாயில் நிற்கக்கூடிய 5 லிட்டரையும் கூட்டிப் பார். தற்காப்புக்குச் சிறிது மிகுதியும் சேர்த்து, சம்ப்பில் எப்போதும் 40 லிட்டருக்குக் குறையாத காலியிடம் இருந்தால்தான் நிலவறைத் தரை நனையாது என்று நம்பியிருக்கலாம்.

சைபனை முறிக்கக் குழாயில் சிறு துளை இடுவார்கள். நீர் திரும்பாதபடி தடுக்கும் வால்வும் பொருத்துவார்கள். இரண்டும் நல்ல உபாயங்களே; ஆயினும் துளையைப் பாசியும் நத்தையும் அடைத்துவிடும், வால்வின் உள்ளே சுண்ணாம்பு படிந்து அது முழுவதும் மூடாமற் போகும். ஆகையால் குழாயின் வாயையே நீர்மட்டத்திற்கு வெகு அருகில் உயர்த்தி வைப்பதும், சம்ப்பில் இடம் விட்டுவைப்பதுமே முழு நம்பிக்கைக்கு உரியவை.

இதற்கு நேர்மாறான அபாயமும் ஒன்று உண்டு. இதைப் பலர் யோசிப்பதேயில்லை. இறங்கு குழாய் அடைபட்டுப் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், கடைசி அறையின் நீர் தீரும்வரை அது மேலே ஏற்றித் தொட்டியை வழியச் செய்து கூடத்தை நனைத்துவிடும். உன் தொட்டியில் நீர்மட்டத்திற்கு மேல் 3 செ.மீ. இடம் இருந்தால் 16 லிட்டர் வரை கொள்ளும். பம்ப் எடுக்கக்கூடிய நீர் அதற்குள் அடங்கும்படி கடைசி அறையைச் சிறிதாக அமை. இறங்கு குழாய்களும் ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும்: நீர் நிறைந்து சத்தமின்றி இறங்க ஒன்று, மிகுதி சிறிதளவு வழிய ஒன்று, ஆபத்துக்கென்று வெறுமையாக நிற்க ஒன்று. முதல் குழாயில் ஓட்டத்தைச் சீராக்கும் கேட் வால்வைக் கீழே, சம்ப்பின் அருகில் வை. மேலே வைத்தால் வால்வுக்குக் கீழ் குழாய் நிறையாமல், மூன்று மீட்டர் உயரத்திலிருந்து நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு பேரிரைச்சலோடு விழும்.

இனிப் பம்பைப் பற்றி. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, சிறிதும் உயரம் ஏற்றாத நிலைக்கு உரியது. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை 3.5 மீட்டர் என்றால், மூன்று மீட்டர்தான் ஏற்றவல்ல பம்ப் எவ்வளவு பெயர்பெற்றதானாலும் உனக்கு ஒரு சொட்டும் கொண்டுவராது. உயரத்தோடு குழாயின் உராய்வும் சேரும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே குழாயைப் பெரிதாக்கு, முழங்கை இணைப்புகளைக் குறை. தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் உன் உயரத்துக்கு நேரே உள்ள ஓட்டத்தைப் பார்த்து வாங்கு. 300 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,500 லிட்டர் போதும். அவ்வளவை 3.5 மீட்டர் ஏற்றுவதற்கு வேண்டிய சுத்த சக்தி 14 வாட்டுக்குச் சற்று அதிகம். பம்ப் உட்கொள்ளும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே பயனாகும் என்று வைத்தால் 43 வாட், அதாவது நாளொன்றுக்கு ஒரு யூனிட். வெளியே வைக்கும் பம்பானால், அது சம்ப்பின் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். இவ்வகைப் பம்ப் தானாக நீரை உறிஞ்சித் தொடங்காது.

கம்பி வழியே வடியும் நீர் பிளக்கை எட்டாதபடி, பிளக் செருகும் இடத்தைவிடத் தாழ மின்கம்பி தொங்கி வரட்டும். மின்கசிவில் தானே துண்டிக்கும் சாதனம் இன்றி எதையும் இணைக்காதே. பித்தளையும் செம்பும் கடல்நீரில் கூடவே கூடாது. பவளமும் இறாலும் மடியும். நிலவறையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை படியாதிருக்க ஒரு காற்றோட்ட விசிறி அவசியம்.

எல்லாவற்றையும் பொருத்திய பின் நல்ல நீரை நிரப்பிப் பம்பை ஓடவிட்டு, திடீரென்று நிறுத்து. சம்ப்பில் நீர் எழும்பி நின்ற மட்டத்தில் கோடிடு. பிறகு இறங்கு குழாய்கள் மூன்றையும் அடைத்து ஓட்டிப் பார். இவ்விரு சோதனைகளிலும் தரை உலர்ந்தே இருந்தால் மட்டும் உப்பைக் கரை. மீனை அதற்கும் பின்னரே வாங்கு. சம்ப்பின் அளவுகளை எழுதி அனுப்பினால், கணக்கை நானும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமன்