குப்பையை எடைபோடும் வகுப்பு

சுற்றுச்சூழல் மன்றம் என்றாலே முழக்க அட்டையும் ஓவியப் போட்டியும் என்று ஆகிவிட்டது. அவை வேண்டாம் என்பதில்லை. ஆனால் திடக்கழிவு மேலாண்மையைக் கற்பிக்க அவற்றைவிட நல்ல கருவி தராசு. அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம், வணிக வளாகம் ஆகியவற்றின் குப்பையை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் எப்படிப் பாடமாக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 120 வீடுகள் கொண்ட ஒரு வளாகம்; வீட்டுக்கு 4 பேர்; ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் குப்பை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 கிலோ. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனி வகையாகவே கருதின. 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் நிறுவனங்களும் குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் அவை கூறின. நம் கணக்கில் பாதி மக்கும் குப்பை என்று கொண்டால், நாளுக்கு 96 கிலோ வாசலைத் தாண்டவே வேண்டியதில்லை. மாதத்துக்கு எவ்வளவு என்பதை மாணவர்களே போடட்டும். ஏறத்தாழ மூன்று டன் என்ற விடை கரும்பலகையில் வரும்போது வகுப்பு சற்று அமைதியாகும்.

அந்த மூன்று டன் எங்கே போகிறது? சென்னையில் நெடுங்காலமாக அது பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போனது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ உடனே அணையவில்லை, நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரக்குப்பை காற்றின்றி அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, அது எரியும் வாயு என்ற அறிவியல் பாடத்தை இங்கே இணைக்கலாம்.

தனிவீட்டைவிட அடுக்குமாடியில் பிரிப்பது ஏன் கடினம் என்று கேளுங்கள். தனிவீட்டு வாசலில் தூய்மைப் பணியாளர் வாளியைப் பார்த்துவிடுகிறார். அடுக்குமாடியில் கீழே ஒரு பொதுத்தொட்டி. கலந்து போட்டது யார் என்று தெரியாது. பத்து வீடுகள் ஒழுங்காகப் பிரித்தாலும் பதினோராவது வீட்டின் ஒரு பை மீன்குழம்பு அத்தனை காகிதத்தையும் கெடுத்துவிடும். ஆகவே வீடுதோறும் வாசலிலேயே வாங்கும் முறைதான் பலன் தருகிறது என்பது என் கருத்து. பொதுத்தொட்டிக்கு மூன்று வண்ணம் பூசுவதால் மட்டும் எதுவும் மாறாது.

இங்கே ஆசிரியருக்கு ஒரு கவனம் தேவை. நம் பள்ளிகளில் படிக்கும் பல பிள்ளைகளின் அம்மாக்கள் இத்தகைய கட்டடங்களில் துப்புரவு வேலை செய்கிறார்கள். கலந்து வந்த பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் அவர்களே. சோற்றுக்குள் உடைந்த கண்ணாடியும், ஊசியும், சுற்றாமல் போட்ட நாப்கினும் கிடக்கும். ‘யார் வீட்டில் இந்த வேலை?’ என்று வகுப்பில் கேட்காதீர்கள். பேச விரும்பும் பிள்ளை தானாகவே பேசும். அப்போது வேறு யாரையும்விட அதிகம் தெரிந்தவராக அவரை மதித்துக் கேளுங்கள்.

செயல்பாட்டுக்கு வெளியே போக வேண்டாம். பள்ளியும் ஒரு கட்டடம்தான். மூன்று நாள்கள் உணவுக்கழிவு, காகிதம், நெகிழி, மற்றவை எனத் தனித்தனியே சேர்த்து எடைபோட்டு, சராசரியும் விழுக்காடும் கண்டு வட்ட விளக்கப்படம் வரையலாம். கையுறை கட்டாயம். கழிப்பறைக் கழிவை மாணவர்கள் தொடக்கூடாது.

அடுத்து இரண்டு மண்தொட்டிகள். அடியில் துளையிட்டு, இரண்டிலும் ஒரே அளவு காய்கறித் தோலும் மிச்சச் சோறும் போடச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் ஒவ்வொரு அடுக்கின் மேலும் காய்ந்த இலையைத் தாராளமாகப் பரப்பி, நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறட்டும். வாரத்துக்குள் இலையில்லாத தொட்டி நாறும், ஈ மொய்க்கும். சமையலறைக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. கார்பன் ஏறக்குறைய 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்று இருந்தால் நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்யும். அந்தக் கார்பனைக் காய்ந்த இலை தருகிறது, காற்றோட்டத்தையும் தருகிறது. பல குடியிருப்புகளில் உரத்தொட்டி ‘நாற்றம்’ என்ற புகாரால் மூடப்படுவதற்குப் பின்னால் இந்தச் சிறு வேதியியல்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வளாகத்தில் மரத்தடியில் உதிர்ந்த இலையைக் கூட்டி எரித்துக்கொண்டிருப்பார்கள்!

அலுவலகக் குப்பை வேறு மாதிரி. அங்கே காகிதமும் தேநீர்க் கோப்பையும் அதிகம். காகிதக் கோப்பையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு இருப்பதால் பழைய காகிதத்தோடு அதைச் சேர்க்க முடியாது. நெகிழிப் பூச்சுள்ள கோப்பைகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பொருள்களில் அடங்கும். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் மறுசுழற்சி பற்றிய பேச்சே எழாது. குறைப்பது முதலில், மறுசுழற்சி பிறகு என்ற வரிசையை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை.

நிறைவாக, தமிழ்ப் பாடவேளையில் ஒரு கடிதம். பெறுநர், ஒரு குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். அறிவுரை கூடாது, மாணவர்கள் எடைபோட்ட எண்கள், தொட்டிச் சோதனையின் முடிவு, ஒரே ஒரு கோரிக்கை, இவ்வளவே இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கை எதுவாக இருக்கலாம் என்பதைக் குழுக்கள் விவாதித்து முடிவு செய்யட்டும்.