ஒரு பொருளுக்கு இரு பெயர்: செய்நிரல் மொழிகளின் ஓர் அமைப்புச் சிக்கல்

திரிசொல்லின் இயல்பு கூறப் புகுந்த நம் இலக்கண நூலார், ஒரு பொருளைப் பல சொற்கள் குறித்தலையும், பல பொருள்களை ஒரு சொல் குறித்தலையும் வேறு பிரித்து உணர்த்தினர். இவற்றுள் முதலாவது, கணினியை இயக்குதற்கென ஆக்கப்பெற்ற செய்நிரல் மொழிகளிலும் உண்டு. ஆங்கு அது வெறும் சொல்வளமாக நில்லாது, கணக்கின் விடையையே மாற்றிவிடுகின்றது. மொழியமைப்போர் அதனை எவ்வாறு நெறிப்படுத்த முயன்றனர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாறி ஒன்றில் மூன்று கூறுகள் உள: நினைவகத்தில் ஓர் இடம், அவ்விடத்திற் கிடக்கும் பெறுமானம், அவ்விடத்தைக் குறிக்கும் பெயர். ‘அ = ஆ + 1’ என்னும் கட்டளையில், வலப்பக்கத்து ‘ஆ’ தன் பெறுமானத்தைத் தருகின்றது; இடப்பக்கத்து ‘அ’ விடையை வைத்தற்குரிய இடத்தைக் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டை 1967 இற் கொப்பனேகனில் நிகழ்த்திய விரிவுரைகளில் ஆங்கில அறிஞர் கிறிஸ்ரபர் ஸ்ரேச்சி தெளிவுற விளக்கினார். இரு பெயர்கள் ஒரே இடத்தைக் குறிக்குமாயின், ஒன்று மற்றொன்றன் மாற்றுப்பெயர் எனப்படும்.

இதனால் விளையும் இடர் யாது? ‘வரிசையிலுள்ள எண் ஒவ்வொன்றையும் கொடுக்கப்பெற்ற எண்ணால் வகுக்க’ என்று ஒரு துணைச்செய்நிரல் எழுதியுள்ளோம் எனக் கொள்வோம். வரிசை 4, 8, 12 என்பது. வகுக்கும் எண்ணாக அவ்வரிசையின் முதல் எண்ணையே கொடுக்கின்றோம். அதன் பெறுமானம் படியெடுத்து அனுப்பப்படின், விடை 1, 2, 3 ஆகும். இடமே அனுப்பப்படின், முதல் வகுத்தலின் பின் அவ்விடத்தில் 1 வந்துவிடும். எஞ்சிய எண்கள் 1 ஆல் வகுக்கப்பெற்று, விடை 1, 8, 12 என அமையும். கணினி பிழையெதனையும் அறிவியாது. துணைச்செய்நிரலை மட்டும் வாசிப்பவருக்கும் குற்றம் புலப்படாது. அதனை அழைத்த இடத்தையும் உடன் வைத்து நோக்கினாலன்றி உண்மை தெரியாது.

1957 இல் வெளிவந்த போட்ரன் மொழி, இரு பெயர்கள் ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு ஆணையிடும் கூற்றொன்றை வெளிப்படையாகவே கொண்டிருந்தது. நினைவகம் அரிதாயிருந்த அக்காலத்தில் அது சிக்கனத்துக்கு உதவியது. ஆயின், 1966 இல் வகுக்கப்பெற்ற அம்மொழியின் நியமம், துணைச்செய்நிரலுக்கு அனுப்பப்பெற்ற இரு பெயர்கள் ஓரிடத்தைக் குறிக்குமாயின், அவற்றுள் எதன் வழியாகவும் அவ்விடத்தை மாற்றலாகாது என விலக்கியது. இவ்விலக்கினால் ஒரு நன்மையும் விளைந்தது. பிறிதொரு பெயர் வழியாக மாறாது என்னும் உறுதி கிடைத்தமையின், மொழிபெயர்க்கும் தொகுப்பி ஒரே பெறுமானத்தை மீண்டும் மீண்டும் நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கணிப்பு விரைவாயிற்று. 1999 ஆம் ஆண்டின் சி மொழி நியமம் இத்தகைய உறுதியைச் செய்நிரலர் தாமே எழுதிக் கொடுத்தற்கெனத் தனிச்சொல் ஒன்றை வகுத்தது.

அல்கோல் 60, பெறுமானத்தால் அனுப்புதல், பெயரால் அனுப்புதல் என இரு முறைகளை வகுத்தது. பெயரால் அனுப்புங்கால், கொடுத்த தொடர் பயன்படுமிடந்தோறும் புதிதாகக் கணிக்கப்படும். ஆதலின் இரு மாறிகளின் பெறுமானங்களை மாற்றியமைக்கும் எளிய துணைச்செய்நிரலுங்கூட, ‘இ’ என்பதையும் வரிசையின் ‘இ’ ஆவது உறுப்பையும் ஒருங்கே கொடுக்கும்போது தவறிவிடும். ‘இ’ மாறியவுடன் ‘இ’ ஆவது உறுப்பும் வேறோர் இடமாகிவிடுதலே காரணம்.

இனி, இடத்தைப் பகிர்கின்றோம் என்பதை எங்கே எழுதிக் காட்டுவது? 1970 இல் நிக்லவுஸ் வேர்த் வெளியிட்ட பாஸ்கல், துணைச்செய்நிரலின் தலைப்பில் மட்டும் அதனைக் குறித்தது. டெனிஸ் ரிச்சியின் சி மொழியில் மாறியின் முகவரியை அனுப்பவேண்டின், அழைக்குமிடத்தில் ‘&’ குறியிடுதல் வேண்டும். சி பிளஸ் பிளஸ் அக்குறியையே தலைப்பில் இட்டு, அழைக்குமிடத்தை வெறுமையாக விட்டது. எழுதுதற்கு இது எளிது. வாசிப்பவரோ தம் மாறி மாற்றப்படுமா என்பதை அழைப்பைக் கொண்டு அறிய இயலாது. 2002 இல் வந்த சி ஷார்ப், இரு இடங்களிலும் ஒரே சொல்லை எழுதுமாறு விதித்தது. ஒருமுறை எழுதப்பெறும் செய்நிரல் பலமுறை வாசிக்கப்பெறுமாதலின், இவ்விதியே சாலச் சிறந்தது என்பது என் துணிபு.

2015 இல் முதற்பதிப்பு நிறைவெய்திய ரஸ்ற் மொழி இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஓரிடத்தைப் பார்க்கமட்டும் உரிமையுள்ள சுட்டுகள் பல இருக்கலாம்; மாற்றும் உரிமையுள்ள சுட்டு ஒன்றே இருக்கலாம்; இவ்விருவகையும் ஒரே காலத்திற் செயற்படலாகா. மேற்கூறிய வகுத்தற் செய்நிரலை இம்மொழியில் எழுதி, வரிசையை மாற்றும் சுட்டுடன் முதல் எண்ணின் சுட்டையும் அனுப்பின், தொகுப்பி அதனை ஏற்க மறுக்கும். முதல் எண்ணை முன்னரே படியெடுத்து அனுப்பின் ஏற்கும். இதற்குரிய விலையும் உண்டு. ஒன்றையொன்று சுட்டும் கணுக்களாலான அமைப்புகளை அதில் ஆக்குதல் கற்பார்க்குக் கடினமாகும்.

நம் மாணவர் பலர் கற்கும் பைதன் மொழியில் இச்சிக்கல் எவ்விதக் குறியுமின்றி மறைந்து நிற்கின்றது. ‘அ’ ஒரு வரிசையாயின், ‘ஆ = அ’ என்பது புதிய வரிசையை ஆக்காது; பழைய வரிசைக்கு இன்னொரு பெயரையே இடுகின்றது. ‘ஆ’ வழியாக ஓர் எண்ணைச் சேர்த்தால், ‘அ’ விலும் அது காணப்படும். பெறுமானம் ஒத்திருத்தல் வேறு, பொருள் ஒன்றாயிருத்தல் வேறு என்பதனாலேயே அம்மொழியில் இவ்விரண்டையும் சோதித்தற்குத் தனித்தனிக் குறியீடுகள் வைக்கப்பெற்றுள்ளன.

புதியதொரு செய்நிரல் மொழியைக் கற்கப் புகும் மாணவர், முதல் நாளிலேயே 4, 8, 12 என்னும் வரிசையைக் கொண்டு மேற்கூறிய சோதனையைச் செய்து பார்ப்பாராக. 1, 2, 3 வருமா, 1, 8, 12 வருமா, அன்றித் தொகுப்பி மறுக்குமா என்பதைக் கண்டறிந்தால், அம்மொழியை அமைத்தோர் பெயருக்கும் பொருளுக்கும் எத்தகைய தொடர்பை வகுத்தனர் என்பது இனிது விளங்கும்.