இடித்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

கேள்வி: ஆன்லைன் கார் ரேஸில் முதல் வளைவிலேயே பின்னாலிருந்து இடித்து என்னைத் தள்ளிவிடுகிறார்கள். நானும் திருப்பி இடித்தால் என்ன?

பதில்: இடிக்காதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஒரு மணி நேரம் பழகிய தடத்தில் அரை நிமிடத்தில் வெளியே விழுந்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் 2008-இல் வந்த ஐரேசிங் என்ற பந்தய விளையாட்டில் மோதல் புள்ளி இருவருக்குமே ஏறும். யார் மேல் தப்பு என்று கணினி பார்ப்பதில்லை. பழிவாங்கினால் உங்கள் பாதுகாப்பு மதிப்பெண்தான் சரியும். அதற்குப் பதில் ரீப்ளேயைச் சேமித்துப் புகார் கொடுங்கள். அதை மனிதர்கள் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

2017-இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் விளையாட்டில், 2024-இல் அதன் ஆன்லைன் சேவை நிற்கும்வரை, வேகத்துக்கு ஒரு தரம், நன்னடத்தைக்குத் தனியாக ஒரு தரம் என்று இருந்தது. இரண்டாவதை உயர்த்தியவர்கள், கண்ணியமாக ஓட்டுகிறவர்களோடு சேர்க்கப்பட்டார்கள்.

முதல் வளைவில் மட்டும் சற்று முன்னதாகவே வேகத்தைக் குறையுங்கள், ஆனால் திடீரென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். எல்லோரும் நெருக்கியடித்து வரும் இடம் அது. இடிக்கிறவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, பிரேக் போடும் இடம் தெரியாத புதியவர்கள். வேண்டுமென்றே இடிப்பவர் பின்னால் வந்தால், வழிவிட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு வளைவு தாண்டி அவரே தடத்துக்கு வெளியே நிற்பார்.