ஆடலைப் பார்க்கப் பழகுவோம்: சுங்கை வேயிலிருந்து ஒரு நாள் பயணம்



பரதநாட்டியம் என்றதும் நம் இளைஞர்களிடமிருந்து மூன்று பதில்கள் வரும். "அது பொண்ணுங்க ஆடுறது." "அது பணக்காரங்க வீட்டு விஷயம்ணே." "பார்த்தா ஒண்ணும் புரியாது." இதே பிள்ளைகள் தைப்பூசம் வந்துவிட்டால் உறுமி மேளத்துக்கு விடிய விடிய ஆடுவார்கள். காலில் சலங்கை, தோளில் காவடி, நெஞ்சில் முருகன். அதற்கு யாரும் அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஆட்டமும் வேறு வேறு உலகமா? இல்லை என்பதே இந்த மாதப் பாடம். இதை வகுப்பில் உட்கார்ந்து படிப்பதை விட ஒரு நாள் வெளியே போய்ப் பார்ப்பது நல்லது. சுங்கை வேயிலிருந்து கிளம்பி, கோலாலம்பூரில் நம் ஆடல் கலை வாழும் இடங்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். வட்டாரக் கிளைகள் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். ஐந்தாறு பேர் போதும்.

புறப்படும் முன்: ஐந்து எண்கள்

வீட்டிலேயே ஒரு சின்னப் பயிற்சி. கையால் தாளம் தட்டிக்கொண்டு சொல்லுங்கள்:

தகிட: 3 (திஸ்ரம்)
தகதிமி: 4 (சதுஸ்ரம்)
தக தகிட: 5 (கண்டம்)
தகிட தகதிமி: 7 (மிஸ்ரம்)
தகதிமி தக தகிட: 9 (சங்கீர்ணம்)

இவைதான் ஐந்து ஜாதிகள். பரதத்தின் காலடிகள் எல்லாம் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன. உங்கள் வட்டாரத்தில் உறுமி வாசிக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் காவடி அடியை வாசிக்கச் சொல்லி, கூடவே எண்ணிப் பாருங்கள். மூன்று மூன்றாகப் போகிறதா, நான்கு நான்காகப் போகிறதா? கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. உறுமிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் புதிது.

காலை: மகா மாரியம்மன் கோயில்

பசியாறிவிட்டு ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கேடிஎம் கொமுட்டர் ஏறுங்கள். கே.எல். சென்ட்ரல் வரை வண்டி மாற வேண்டாம். அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் ஒரே நிறுத்தம், பசார் செனி. சிறிது நடந்தால் துன் எச்.எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873இல் தோன்றிய கோயில் இது. தைப்பூச வெள்ளி ரதம் பத்து மலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

முதலில் சாமி கும்பிடுங்கள். பிறகு வெளியே வந்து, ஐந்து நிலை இராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். எத்தனையோ தடவை பார்த்த கோபுரம்தான். இன்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: உருவங்கள் எப்படி நிற்கின்றன? எந்த முழங்கால் மடிந்திருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கை என்ன காட்டுகிறது? உள்ளங்கை நம்மைப் பார்த்திருந்தால் அபயம், "பயப்படாதே" என்று பொருள். விரல்கள் கீழ்நோக்கி இருந்தால் வரதம், "கேட்டதைத் தருகிறேன்" என்று பொருள். நடனக்காரர் மேடையில் காட்டும் கைகளும் இந்த மொழியே. ஒற்றைக் கை முத்திரைகள் மட்டும் 28 என்று அபிநய தர்ப்பணம் கணக்குச் சொல்கிறது. சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்கும் ஆடலுக்கும் இருந்த உறவு சிற்பத்தோடு நின்றதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்தினான். "தளிச்சேரிப் பெண்டுகள்" என்று கல்வெட்டு அவர்களைச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் கல்லில் பொறித்து வைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஆடல் ஒரு மதிப்புள்ள கோயில் பணியாக இருந்தது.

அந்த மதிப்பு பிற்காலத்தில் குலைந்தது. அரசர்களின் ஆதரவு போனது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பலர் சுரண்டலுக்கு ஆளானார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடியதன் பலனாக 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம். ஆனால் அந்த ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் கையைவிட்டுக் கலை நழுவியதும் அதே காலத்தில்தான். 'சதிர்' என்று இருந்த பெயர் 'பரதநாட்டியம்' ஆனது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பழைய மரபுக் குடும்பத்தில் பிறந்த பாலசரஸ்வதி அந்த மரபின் அழகை உலக மேடைகளில் நிலைநாட்டினார். இன்று நாம் பார்க்கும் பரதத்துக்குப் பின்னால் பக்தியும் இருக்கிறது, இந்தப் பெண்களின் கண்ணீரும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு பார்ப்பதே மரியாதை.

நண்பகல்: பிரிக்பீல்ட்ஸ்

மறுபடியும் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து நடந்தே பிரிக்பீல்ட்ஸ் போகலாம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடையும் புடவைக்கடையும் பாட்டுமாக இருக்கும். அதைத் தாண்டி பெர்ஹாலா சாலைக்குப் போனால் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்.

சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தொடங்கிய அமைப்பு இது. நடனத்தில் இதற்கு அடித்தளம் போட்டவர்கள் கோபால் ஷெட்டி – ராதா ஷெட்டி, சிவதாஸ் – வத்சலா சிவதாஸ் ஆகிய இரண்டு ஆசிரியத் தம்பதியர். தனித்தனியாக நடனம் கற்பித்து வந்தவர்கள், "கலை இறைவனுக்குச் செய்யும் சேவை" என்ற ஒரே எண்ணத்தில் ஒன்று சேர்ந்தார்கள். தனக்கென்று மாணவர், தனக்கென்று பெயர் என்று பிரிந்து நிற்பது கலை உலகில் சாதாரணம். அதை விட்டுக்கொடுத்துச் சேர்ந்தது பெரிய விஷயம். சங்கம் நடத்தும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

மதியச் சாப்பாடும் இங்கேயே. "வேண்டியதைச் சாப்பிடு, மனம் போல் கொடு" என்ற கொள்கையில் பிறந்த அன்னலட்சுமி சைவ உணவகம் இந்த அமைப்பைச் சேர்ந்தது. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். 

வகுப்பு பார்க்க விரும்பினால் சில நாள் முன்பே போன் செய்து அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் ஓரமாக உட்காருங்கள், கைப்பேசியை எடுக்காதீர்கள். அங்கே மேடை விளக்கு இல்லை, நகை இல்லை. ஆசிரியர் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டுவார். பிள்ளைகள் அரைமண்டியில், அதாவது முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் திரும்ப பாதி உட்கார்ந்த நிலையில், "தைய தை" என்று தட்டடவு போடுவார்கள். ஒரே அடவு, முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். நீங்களும் வீட்டில் அரைமண்டியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கும். மேடையில் சிரித்துக்கொண்டே ஆடுகிறவர் அந்த நடுக்கத்தைப் பல வருடம் தாண்டி வந்தவர்.

மாலை: தித்திவங்சாவில் சூத்ரா

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரெயில் ஏறினால் கடைசி நிறுத்தம் தித்திவங்சா. அந்த வட்டாரத்தில்தான் 1983இல் ராம்லி இப்ராஹிம் நிறுவிய சூத்ரா நடனக் குழுவின் இல்லம் இருக்கிறது. நிலையத்திலிருந்து கிராப் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி உள்ள நாளாகப் பார்த்துப் போவது முக்கியம்.

ராம்லி மலாய்க்காரர், முஸ்லிம். பாலே கற்றவர், பொறியியல் படித்தவர். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும், ஒடிசாவின் குரு தேவ பிரசாத் தாஸிடம் ஒடிசியும் முறையாகக் கற்று, வாழ்நாளையே இந்தக் கலைக்குக் கொடுத்தார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வசதி குறைந்த குடும்பத்து இந்தியப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பிக்கும் திட்டத்தையும் சூத்ரா நடத்தி வந்திருக்கிறது.

இங்கே சிலருக்கு ஒரு கேள்வி வரும்: "நம்ம சாமி ஆட்டத்தை வேற மதத்துக்காரர் ஆடலாமா?" கேள்வி கேட்பது தப்பில்லை. ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: நாம் ஆடுகிறோமா? நம் பிள்ளைகளை ஆட அனுப்புகிறோமா? நிகழ்ச்சி நடந்தால் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருகிறோமா? தாத்தா எழுதி வைத்த நிலம் நம் பெயரில் இருக்கலாம். அதில் ஏர் பிடிக்காமல், விதைக்காமல், "என் நிலம்" என்று வேலி ஓரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் விளைச்சல் வராது. குருவின் காலடியில் உட்கார்ந்து கற்று, பக்தியோடு ஆடுகிற ஒருவரைப் பார்த்து நாம் கோபப்படத் தேவையில்லை. கொஞ்சம் வெட்கப்படலாம், பிறகு கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்.

"அது பொண்ணுங்க ஆடுறது" என்ற தம்பிக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆடல்வல்லான் ஆண். கோபால் ஷெட்டி, சிவதாஸ், ராம்லி எல்லாரும் ஆண்கள். பரதக் கச்சேரிக்கு இன்றைய வரிசையை அமைத்துக் கொடுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் ஆண்களே.

இரவு: நிகழ்ச்சியைப் பார்ப்பது எப்படி?

பரதக் கச்சேரிக்கு ஒரு படிவரிசை உண்டு. அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. அலாரிப்பில் உடல் மொட்டுப் போல மெல்ல விரியும். ஜதீஸ்வரத்தில் கதை இல்லை, தாளமும் அசைவும்தான். சப்தத்தில் பொருள் உள்ளே வரும். வர்ணம் நடுநாயகம், அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். ஒரே வரியை ஐந்தாறு விதமாக அபிநயிப்பார்கள். "திரும்பத் திரும்ப அதே வரியா?" என்று அலுத்துப் பாதியில் எழுந்து போகிறவர்கள் இங்கேதான் போவார்கள். போகாதீர்கள். "முருகா, ஏன் வரவில்லை?" என்று ஒரு அடியார் கேட்டால், முதலில் கெஞ்சல், பிறகு கோபம், பிறகு கிண்டல், பிறகு அழுகை. நம் மனசு அப்படித்தானே கேட்கும்?

புதிதாகப் பார்க்கிறவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் குழம்புவார். இப்படிச் செய்யுங்கள்: முதல் உருப்படியில் பாதத்தை மட்டும் பாருங்கள், காலையில் பழகிய எண்களைத் தேடுங்கள். அடுத்ததில் கையை மட்டும். மூன்றாவதில் முகத்தை மட்டும். வர்ணம் வரும்போது மூன்றும் தானாகச் சேர்ந்துவிடும்.

நிகழ்ச்சி அமையவில்லையா? நவராத்திரி மாலைகளில் நம் கோயில்கள் பலவற்றில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. பெற்றோர் மட்டும் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சபையில் நம் இளைஞர்கள் பத்துப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்தால், ஆடுகிற பிள்ளைக்கு அது தனித் தெம்பு.

பணக்காரர் விஷயமா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, அழைப்பிதழ், விருந்து என்று ஒரு கல்யாணச் செலவு ஆகிவிடுவது உண்மை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது எட்டாது. நன்றாக ஆடுகிற பிள்ளைகள் சிலர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் செலவு ஆட்டத்தில் இல்லை, நாம் சுற்றிக் கட்டிய ஆடம்பரத்தில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில், எளிய உடையில், நாலு உருப்படி ஆடினாலும் அது அரங்கேற்றமே. நம் கிளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வட்டாரத்தில் ஒரு பிள்ளையின் மாதக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ள முடியாதா? ஆண்டு விழாவுக்கு வாடகை ஒலிபெருக்கி எடுக்கும் நமக்கு இது முடியாத காரியமில்லை.

கலந்துரையாடச் சில வினாக்கள்

1. காவடி ஆட்டத்துக்கும் பரதத்துக்கும் நீங்கள் கண்ட ஒற்றுமைகள் எவை? வேற்றுமைகள் எவை?
2. தேவதாசி முறை ஒழிந்தது நன்று. அந்தப் பெண்களின் கலைப்பங்கு மறக்கப்பட்டது சரியா?
3. ஒரு கலை யாருக்குச் சொந்தம்: பிறந்தவருக்கா, பயின்றவருக்கா?
4. உங்கள் வட்டாரத்தில் நடனம் கற்க ஆசைப்பட்டும் வசதியில்லாத பிள்ளை இருக்கிறதா? கிளை என்ன செய்யலாம்?

நான்காவது வினாவுக்கு மட்டும் விடையை எழுதாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.