மாற்றிசையும் மாணவர் மன்றமும்

நுழையும் முன்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர், வகுப்பறைக்கு வெளியேயும் ஒரு கல்வியைப் பெறுகின்றனர். அக்கல்வியைத் தரும் இடங்களுள் மாணவர் மன்றமும் ஒன்று. பலரும் கேட்காத இசையை விரும்பும் சிலர் ஒன்றுகூடி அமைக்கும் மன்றம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, அதில் சேர்வோர் அறிய வேண்டியவை யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மாற்றிசை என்பது யாது?

கடைத்தெருவிலும் பேருந்திலும் திருமண மண்டபத்திலும் ஒலிக்கும் பாடல்களை யாரும் தேடிச் செல்வதில்லை. அவை தாமே செவியை வந்தடைகின்றன. வேறு சில பாடல்களையோ தேடித்தான் கேட்க வேண்டும். வணிக வானொலிகள் ஒலிபரப்பத் தயங்குவனவும், பெரிய நிறுவனங்கள் வெளியிட முன்வராதனவும் ஆகிய இத்தகைய பாடல்களையே மாற்றிசை என்பர்.

மாற்றிசை என்பது தனியொரு பண்ணோ தாளமோ அன்று. பங்க், மெட்டல், ராப், நாட்டுப்புற இசையும் ராக் இசையும் கலந்த புதுவகை எனப் பலவும் அதனுள் அடங்கும். வணிகச் சந்தைக்குப் புறத்தே நிற்றலே இவற்றின் பொதுத்தன்மை. ஆகவே, ஓரிடத்தில் பெருவழக்காக உள்ள இசை, மற்றோரிடத்தில் மாற்றிசை ஆகிவிடும். மார்கழித் திங்களில் சென்னையின் அரங்குகள் பலவற்றிலும் கருநாடக இசை ஒலிக்கிறது. அதே இசையைச் சண்டிகரில் ஒரு விடுதி அறையில் கேட்கும் மாணவர், அவ்விடுதியில் தனித்து நிற்கும் கேட்பாளராக இருக்கக்கூடும்.

மாணவர் வானொலி வளர்த்த இசை

மாற்றிசையின் வரலாற்றில் மாணவர்க்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவரே நடத்தும் வானொலி நிலையங்கள் உள்ளன. விளம்பர வருவாயை நம்பி இயங்கிய வணிக வானொலிகள், ஏற்கெனவே விற்பனையான பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. மாணவர் வானொலிக்கு அந்த நெருக்கடி இல்லை. எனவே 1980-களில் பெயர் அறியாத குழுக்களின் பாடல்களை அவை துணிந்து ஒலிபரப்பின. அதனால் அவ்விசைக்குக் 'கல்லூரி ராக்' என்னும் பெயரும் வழங்கியது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதன்ஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகம் உள்ளது. அந்நகரில் 1980-ஆம் ஆண்டு ஆர்.ஈ.எம். என்னும் குழு தோன்றியது. தேவாலயமாக இருந்த பழைய கட்டடத்தில், ஒரு பிறந்தநாள் விருந்தில் அக்குழு முதன்முதலாக இசைத்தது. மாணவர் வானொலிகளின் ஆதரவால் நாடெங்கும் அறிமுகமான அக்குழு, பின்னாளில் உலகப் புகழ் பெற்றது.

அதே 1980-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில், புரூஸ் பேவிட் என்னும் கல்லூரி மாணவர் 'சப்டெரேனியன் பாப்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். பெருநகர நாளிதழ்கள் கண்டுகொள்ளாத உள்ளூர்க் குழுக்களை அவ்விதழ் அறிமுகம் செய்தது. அதுவே பின்னர் 'சப் பாப்' என்னும் இசைத்தட்டு நிறுவனமாக வளர்ந்தது. நிர்வானா குழுவின் முதல் இசைத்தொகுப்பை 1989-இல் வெளியிட்டது அந்நிறுவனமே. அக்குழுவின் அடுத்த தொகுப்பான 'நெவர்மைண்ட்' 1991-இல் வேறொரு நிறுவனத்தின் வழியே வெளிவந்து, 1992 சனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. மாணவர் ஒருவரின் சிற்றிதழில் வேர்கொண்ட முயற்சி அத்துணைத் தொலைவு பயன் தந்தது.

ஆயினும் வெற்றி ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. 'மாற்றிசை' என்னும் சொல்லே கடைகளில் விற்பனைப் பெயராயிற்று. கிராமி விருதுகளிலும் 1991 முதல் மாற்றிசைக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. சந்தைக்குப் புறத்தே நின்ற இசை சந்தையின் நடுவே வந்தபின், அதை மாற்றிசை என அழைத்தல் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. அவ்வினா இன்றும் மன்றக் கூட்டங்களில் விவாதிக்கப்படுகிறது.

இந்தியாவில் மாற்றுவழிகள்

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் பல உண்டு. கொல்கத்தாவில் 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் முதலியோர் 'மொஹீனேர் கோடாகுலி' என்னும் குழுவை அமைத்தனர். வங்க மொழியில் ராக் இசை படைத்த முன்னோடிகள் இவர்கள். அக்காலத்தில் இவர்களுக்குக் கேட்பாளர் மிகச் சிலரே. இருபது ஆண்டுகள் கழித்து, 1990-களில்தான் அடுத்த தலைமுறை அவர்களைக் கொண்டாடியது.

தில்லியில் 1990-இல் தோன்றிய 'இந்தியன் ஓஷன்' குழு, நாட்டுப்புறப் பாடல்களையும் ராக் இசையையும் இணைத்தது. தமிழகத்தில், 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் மின்கித்தாரும் அக்குழுவில் ஒன்றுசேர்ந்தன. சாதிப் பாகுபாட்டை எதிர்க்கும் குரல், சென்னைத் தெருக்களின் பேச்சுமொழியிலேயே அதன் பாடல்களில் ஒலித்தது.

மாற்றிசை எனப் பெயர் பெறாவிடினும், அதே நோக்கில் தோன்றிய மாணவர் இயக்கம் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கில் ஆய்வு மாணவராக இருந்தபோது துருபத் இசையைக் கேட்டு நெகிழ்ந்த கிரண் சேத், தாயகம் திரும்பித் தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இந்தியச் செவ்வியல் இசையை இளைஞரிடம் கொண்டு செல்ல 1977-இல் அவர் தொடங்கிய 'ஸ்பிக் மேக்கே' இயக்கம், தன்னார்வ மாணவர்களின் உழைப்பால் நாடெங்கும் கல்வி நிலையங்களில் நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது.

மன்றம் இயங்கும் முறை

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டின் தொடக்கத்தில் புதுமுக மாணவர்க்கென ஒரு சந்தை கூடும். சதுரங்கம், நாடகம், மலையேற்றம் எனப் பல மன்றத்தாரும் வரிசையாக மேசையிட்டு அமர்ந்திருப்பர். மாற்றிசை மன்றத்தின் மேசையும் அவற்றிடையே காணப்படும். விரும்புவோர் பெயரைப் பதிந்து, சிறுதொகை கட்டி உறுப்பினர் ஆவர். இந்தியக் கல்லூரிகள் பலவற்றிலும் இசை மன்றங்கள் உண்டு; அவை பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இயங்குகின்றன.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை உறுப்பினரே ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பர். அரங்கிற்கு இசைவு பெறுதல், ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுத்தல், வரவுசெலவுக் கணக்கை உறுப்பினர் முன் வைத்தல் ஆகியன அவர்தம் கடமைகள். வாரந்தோறும் கூடிப் பாடல்களைக் கேட்டல், கேட்டவற்றைப் பற்றி உரையாடுதல், உள்ளூர்க் குழுக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துதல் ஆகியன மன்றத்தின் பணிகள். வாக்களித்தலும் கணக்குக் கேட்டலும் மாற்றுக் கருத்தைப் பொறுத்தலும் ஆகிய மக்களாட்சிப் பண்புகளை மாணவர் இங்கே பழகுகின்றனர்.

சேர்வோரின் தயக்கம்

புதிய மன்றத்தில் நுழைவோர்க்குத் தயக்கம் இயல்பே. "எனக்கு நான்கு குழுக்களைத்தான் தெரியும், அங்குள்ளோர் நானூறு குழுக்களை அறிந்திருப்பரே" என எண்ணிப் பலர் வாயிலிலேயே நின்றுவிடுவர். அதற்குக் காரணமும் உண்டு. பழைய உறுப்பினர் சிலர், புதியவரைப் பார்த்து, "அக்குழுவின் ஐந்து பாடல்களைச் சொல், பார்க்கலாம்" எனத் தேர்வு வைப்பர். இத்தகைய கேள்விகளைப் பெண்களே மிகுதியாக எதிர்கொள்வதாகக் கூறுவர். பொதுவழக்கிலிருந்து ஒதுக்கப்பட்டதால் ஒன்றுகூடியவர்கள், தம்மைத் தேடி வந்தவரைத் தாமே ஒதுக்குதல் பெரும் முரண். வந்தவருக்கு ஒரு பாடலை அறிமுகம் செய்து, அவர் விரும்பும் பாடலைக் கேட்டறிவதே நல்ல மன்றத்தின் இலக்கணம்.

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ் மாணவர்க்கு இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்ளும். எடுத்துக்காட்டாக, போபாலில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் அவர், கல்லூரியில் மாற்றிசை மன்றத்தில் சேர்கிறார். ஒவ்வொருவரும் ஒரு பாடலைக் கொண்டுவர வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். முதல் இரு வாரங்கள் பிறர் கொண்டுவருவன போன்ற ஆங்கிலப் பாடல்களையே அவரும் கொண்டுசெல்கிறார். மூன்றாம் வாரம் துணிந்து, பறை முழங்கும் ஒரு தமிழ்ப் பாடலை ஒலிக்கச் செய்கிறார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. "இந்தத் தோற்கருவியின் பெயர் என்ன? இவ்வரியின் பொருள் யாது?" என்றே கேட்கின்றனர். கருவியின் பெயரை அவர் அறிவார். வரியின் நடுவே வந்த ஒரு சொல்லின் பொருள் அவருக்கே தெரியவில்லை. அன்றிரவு ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்கிறார். பாட்டி அச்சொல்லின் பொருளோடு, அது வழங்கிய தெருவையும் தொழிலையும் சேர்த்தே சொல்கிறார். பிறருக்கு விளக்க வேண்டிய தேவை வந்தபோதுதான், தம் மொழியில் தமக்குத் தெரியாத பகுதி எவ்வளவு என்பது அம்மாணவிக்குப் புலனாகிறது. அதை அறிந்துகொள்ளும் ஆர்வமும் அப்போதே பிறக்கிறது.

சட்டமும் செவிநலமும்

மன்றம் நடத்துவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பிறர் இயற்றிய பாடலைப் பொதுமேடையில் இசைக்க உரிமையாளரின் இசைவு தேவை. எனினும், தொழில்முறை சாராத மன்றம் கட்டணம் செலுத்தாத அவையோர் முன் நிகழ்த்தும் இசைக்கு, 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. நுழைவுக் கட்டணம் பெற்றால் இவ்விலக்குப் பொருந்தாது.

உரத்த ஒலி செவிக்குக் கேடு விளைவிக்கும். நிகழ்ச்சி அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபலைக் கடத்தலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. ஒலிபெருக்கியின் அருகே நில்லாமையும், செவியடைப்பான் அணிதலும், இடையிடையே அமைதியான இடத்தில் செவிக்கு ஓய்வளித்தலும் நல்ல பழக்கங்கள். இரைச்சலால் இழந்த கேட்புத்திறனை முழுமையாக மீட்டல் அரிது. இசையை விரும்புவோர் செவியைக் காத்தல் முதற்கடமை ஆகும்.

தொடர்ச்சி

மாணவர் மன்றத்திற்கு ஒரு தனித்த இடர் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு உள்ள கல்லூரியில், ஆண்டுதோறும் உறுப்பினரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடித்து வெளியேறுவர். பொறுப்பைக் கைமாற்றாமல் அவர்கள் சென்றால், பத்தாண்டுகள் வளர்ந்த மன்றமும் ஓராண்டில் மறைந்துவிடும். எனவே முதலாண்டு மாணவரிடம் ஏதேனும் ஒரு சிறு பணியை ஒப்படைத்தல் நலம். நாற்காலி அடுக்கக் கற்றவரே நாளை நிகழ்ச்சியை நடத்துவார்.

'இசை' என்னும் தமிழ்ச்சொல் பாட்டையும் குறிக்கும், புகழையும் குறிக்கும், இசைதல் என்னும்போது உடன்படுதலையும் குறிக்கும். மாற்றிசை மன்றத்தில் எல்லாரும் ஒரே பாடலை விரும்ப வேண்டும் என்பதில்லை. ஒருவர் கொண்டுவந்த பாடலை மற்றவர் இறுதிவரை கேட்பதற்கு இசைந்தால் போதும்.

சொல்லும் பொருளும்

பண் – இராகம்
பெருவழக்கு – பலரிடமும் பரவியுள்ள வழக்கம்
இசைவு – ஒப்புதல்
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபட்ட தன்மை
இடர் – துன்பம், தடை
தோற்கருவி – தோலால் மூடப்பட்ட இசைக்கருவி

இலக்கணம் அறிவோம்

மாற்று + இசை = மாற்றிசை. நிலைமொழியின் ஈற்றில் உள்ள குற்றியலுகரம், வருமொழியின் முதலில் உயிர் வந்தமையால் கெட்டது. எஞ்சிய மெய்யோடு உயிர் சேர்ந்தது. இவ்வாறே பாட்டு + அரங்கம் = பாட்டரங்கம் எனப் புணரும்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'கல்லூரி ராக்' என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
2. மொஹீனேர் கோடாகுலி குழு எந்த நகரில் தோன்றியது?
3. பதிப்புரிமைச் சட்டம் எத்தகைய நிகழ்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. ஓரிடத்தில் பெருவழக்காக உள்ள இசை மற்றோரிடத்தில் மாற்றிசை ஆவது எங்ஙனம்?
2. புதியவர்க்குத் தேர்வு வைத்தலைப் பாடம் ஏன் முரண் என்கிறது?

இ. பிரித்து எழுதுக.
சிற்றிதழ், அவ்விசை, செவிநலம்

ஈ. செயல்பாடு
வீட்டில் பெரியோர் பாடும் தாலாட்டு, நடவுப்பாட்டு அல்லது கானாப் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதுக. அதில் பொருள் விளங்காத மூன்று சொற்களைக் குறித்து, பெரியோரிடம் பொருளைக் கேட்டறிக. பின்னர் அப்பாடலை, தமிழ் அறியாத நண்பர் ஒருவருக்கு அவர் மொழியில் விளக்குக.