குடவோலையும் குடியேற்றச் சீட்டும்

நம் துறையில் பயின்று சென்ற மாணவர் ஒருவர், சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் தம் தந்தையாருடன் நம்மைக் காண வந்தார். அவர் கையில் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. அதன் தலைப்பு 'அமெரிக்கக் குடியுரிமை லாட்டரி' என்பது. முகவர் ஒருவரிடம் பதினைந்தாயிரம் ரூபாய் செலுத்தியிருந்தார். "பெயரைப் போட்டாயிற்று, இனி அழைப்பு வரும்" என்று முகவர் சொல்லி ஓராண்டு கழிந்தது; அழைப்பு வரவில்லை. பெரியவரின் கவலையோ வேறு. "காசு போனது போகட்டும் சார். லாட்டரி என்றால் ஹராம் ஆயிற்றே. என் மகன் தெரியாமல் சூதில் கை வைத்துவிட்டானா?" என்று கேட்டார்.

மகன் கேட்டது சட்டம். தந்தையார் கேட்டது மார்க்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் நின்று குழப்பத்தை விளைவிக்கிறது. சொல்லை ஆராய்வது தமிழ்த் துறையின் வேலை ஆதலின், அங்கிருந்தே தொடங்குவோம்.

சொல்லும் பொருளும்

நம் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னர்த் தெருமுனைதோறும் அச்சீட்டு தொங்கியதையும், கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கிய குடும்பங்கள் குலைந்ததையும் கண்டவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் செவியில் 'லாட்டரி' என்னும் சொல் கசப்பது இயல்பே. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். திருக்குர்ஆன் மதுவையும் 'மைசிர்' எனப்படும் சூதையும் ஒருங்கே வைத்து விலக்குகிறது.

ஆயினும் சூது வேறு, சீட்டெடுத்தல் வேறு. பலர் பொருளைப் பணயமாக வைக்க, ஒருவர் வென்று மற்றவர் இழப்பது சூது. தகுதியுடையோர் பலராகவும் இடம் சிலவாகவும் இருக்கையில், ஒருவர் மனத்தையும் நோகச் செய்யாமல் பங்கிடுவதற்குக் கைக்கொள்ளும் வழி சீட்டெடுத்தல். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டை வகுப்பறையில் நாம் பலமுறை பாடம் நடத்தியதுண்டு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அக்கல்வெட்டின் பெரும்பகுதி குடத்தைப் பற்றியதன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நிலம் எவ்வளவு, சொந்த மனை உண்டா, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள்ளா, கணக்குக் காட்டாமல் விட்டவனா என்று தகுதியையும் தகுதியின்மையையும் அது விரித்துரைக்கிறது. தகுதி முதலில், குடம் பிறகு.

மார்க்க நூல்களில் இதற்கு நிகரான சொல் 'குர்ஆ' என்பது. மர்யம் அவர்களைப் பொறுப்பேற்பவர் யார் என்று அறிய எழுதுகோல்களை எறிந்த செய்தியும், யூனுஸ் நபி கப்பலில் சீட்டில் அகப்பட்ட செய்தியும் திருக்குர்ஆனில் உள்ளன. பயணம் புறப்படுகையில் எம்மனைவியார் உடன் வருவது என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சீட்டெடுத்து முடிவு செய்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இடம்பெறுகிறது. இவ்வளவு தொலைவு செல்வானேன்? ஹஜ் கமிட்டி விண்ணப்பதாரர்களைக் 'குர்ரா' எடுத்துத் தேர்வதை நம் மஹல்லாக்களில் எவரும் சூது என்று சொன்னதில்லை. மார்க்கத் தீர்ப்பு உரைக்கும் உரிமை ஆலிம் பெருமக்களுடையது. நாம் சொல்லாராய்ச்சி அளவில் நிற்கிறோம்.

அமெரிக்காவின் 'பன்முகக் குடியேற்ற விசா' இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது? நெடுங்காலம் அதில் பெயர் பதியக் கட்டணமே இல்லாதிருந்தது. 2025இல்தான் ஒரு டாலர் பதிவுக் கட்டணம் விதிக்கும் விதி வெளியாயிற்று. அந்த ஒரு டாலர் பிறர் பரிசாகத் திரும்புவதன்று. அலுவலகச் செலவுக்கு உரியது. ஆகவே இது குடத்துக்கு உறவேயன்றிச் சூதாட்டப் பலகைக்கு உறவன்று என்பது நம் கருத்து. சூது எங்கே நுழைகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

திட்டம் பிறந்த வரலாறு

அமெரிக்கா 1965இல் இயற்றிய குடியேற்றச் சட்டம், பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி உறவினர் வழி அழைப்புக்கு முதன்மை தந்தது. அண்மைக்காலத்தில் நெருங்கிய உறவினர் எவரும் அங்குச் சென்றிராத அயர்லாந்து நாட்டினர்க்கு இதனால் கதவு அடைபட்டது. அவர்களுக்காக வாதாடிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் முயற்சியால் 1986இல் தற்காலிக ஏற்பாடு ஒன்று வந்தது. முந்தி வரும் அஞ்சலுக்கே முதலிடம் என்பது அதன் விதி. எனவே ஒருவரே கட்டுக்கட்டாகக் கடிதம் விடுத்தனர். பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குலுக்கல் முறையை நிலைப்படுத்தியது. 1995ஆம் நிதியாண்டு முதல் ஆண்டுக்கு 55,000 விசாக்கள் என்றும், ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றும் வரையறுத்தனர். 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அவற்றுள் 5,000 வரை வேறு பிரிவினர்க்குச் சென்றது. அயர்லாந்தை எண்ணித் திறந்த வாயிலில் பின்னாளில் நுழைந்தோர் கானா, எத்தியோப்பியா, எகிப்து, நேபாளம் ஆகிய நாட்டினர். சட்டம் இயற்றியோர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறந்த மண்ணே கணக்கு

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். முந்தைய ஐந்தாண்டுகளில் 50,000க்கு மேற்பட்டோரை அமெரிக்காவுக்குக் குடியேறிகளாக அனுப்பிய நாடுகள் குலுக்கலில் சேரமாட்டா. இந்தியா அவ்விலக்குப் பட்டியலில் உள்ளது. வங்கதேசம் 2013ஆம் ஆண்டுக்குரிய குலுக்கல் முதலும், நைஜீரியா 2015ஆம் ஆண்டுக்குரியது முதலும் அதில் சேர்ந்தன. தமிழகக் கடற்கரை ஊரொன்றில், அவ்வூரிலேயே குடியிருந்த பெற்றோர்க்குப் பிறந்த நம் மாணவர் பதினைந்தாயிரம் தந்தாலும் பதினைந்து இலட்சம் தந்தாலும் அக்குடத்தில் அவர் ஓலை விழாது. முகவர் இதனை அறிந்தே செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பதை நாம் ஆராயப் புகவில்லை. தாளின் தலைப்பிலிருந்த 'குடியுரிமை' என்னும் சொல்லும் பிழையே. கிடைப்பது நிரந்தர வாழுரிமை; குடியுரிமை கோரப் பொதுவாக ஐந்தாண்டு காத்திருத்தல் வேண்டும்.

ஆனால் சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டையன்று, பிறந்த நாட்டை. இங்குதான் நம் சமுதாயத்தார் கூர்ந்து நோக்கவேண்டிய நுட்பம் உள்ளது. கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வணிகத்தின் பொருட்டுப் பரவி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. அவ்வூர்களில் பிறந்து, இன்று இந்தியக் கடவுச்சீட்டோடு நம் தெருக்களில் வாழ்வோர் பலர். இலங்கை, மியான்மர், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை விலக்குப் பட்டியலில் இல்லாதவை. அங்குப் பிறந்தவர் இந்தியக் குடிமகனேயாயினும் தகுதி உடையவர். கணவர் தகுதியில்லாத நாட்டில் பிறந்திருப்பினும், மனைவியின் பிறந்த நாட்டைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். இருவரும் ஒருங்கே விசா பெற்று ஒருங்கே நுழைதல் வேண்டும். தாய் தந்தையரின் பிறந்த நாட்டைக் காட்டுவதற்கோ கட்டுப்பாடு மிகுதி. பிள்ளை பிறந்த வேளையில் பெற்றோர் இருவருமே அந்நாட்டில் பிறந்தவராகவோ அங்குக் குடியிருந்தவராகவோ இருத்தல் ஆகாது. எனவே 'என் தாயார் கொழும்பில் பிறந்தவர்' என்பது மட்டும் போதாது.

இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் இடைமறித்தார். "மூத்த மருமகள் கொழும்பில் பிறந்தவள்தானே" என்றார். அறையில் சற்று நேரம் அமைதி நிலவியது. தகுதியற்ற இளையவரிடம் பணம் பெற்ற முகவர், வீட்டிலேயே இருந்த தகுதியைக் கேட்டறியவில்லை. அம்மருமகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர். பன்னிரண்டாண்டுப் பள்ளிக் கல்வி, அல்லது ஈராண்டுப் பயிற்சி வேண்டும் தொழிலில் அண்மை ஐந்தாண்டுக்குள் ஈராண்டு அனுபவம் என்பதே கல்வித் தகுதி. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே பெயர் பதியலாம். ஒருவரே இருமுறை பதிந்தால் இரண்டும் தள்ளுபடியாகும். மணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஒருவர் பெயரை விட்டாலும் பின்னர் விசா மறுக்கப்படும்.

ஓலை எடுத்த பின்

'விழுந்துவிட்டது' என்று கேட்டவுடன் நிலத்தை விற்போர் உளர். இதுவே பெரும் பிழை. 2015ஆம் ஆண்டுக்குரிய குலுக்கலில் 93 இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 1,25,000 பேர் தேர்வாயினர். இருந்த விசாவோ அதில் பாதியினும் குறைவு. தேர்வு என்பது வரிசையில் ஓர் எண்ணே. நேர்காணல், மருத்துவச் சோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து அந்நிதியாண்டின் செப்டம்பர் 30க்குள் விசா கைக்கு வரவேண்டும். அந்நாள் கடந்தால் எண் செல்லாது; அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பும் இல்லை.

2011 மே மாதத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. ஏறத்தாழ 22,000 பேர் தாம் தேர்வானதைக் கணினித் திரையில் கண்டனர். இரு வாரத்துக்குள் அம்முடிவே செல்லாதென வெளியுறவுத் துறை அறிவித்தது. கணினி நிரலில் நேர்ந்த பிழையால், பதிவின் முதலிரு நாள்களில் விண்ணப்பித்தோரே தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தேர்வாகியிருந்தனர். 'எடுத்த ஓலையை மீண்டும் குடத்தில் இடலாமா' என்று பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. சூலையில் மறுகுலுக்கல் நடந்தது. சிறுவன் கை ஒரு பக்கமே துழாவினால் அது குடவோலை ஆகாது என்பது நியாயந்தான். இழந்தவர்க்கு அந்த நியாயம் ஆறுதல் தராது என்பதும் உண்மை.

2017இல் அமெரிக்கா விதித்த பயணத் தடையால் ஏமன், ஈரான் முதலிய நாடுகளில் தேர்வானோர் பலர் செப்டம்பர் 30 கடந்து வாய்ப்பிழந்தனர். ஏமனில் அமெரிக்கத் தூதரகம் 2015இலேயே மூடப்பட்டமையால், அந்நாட்டவர் போருக்கிடையே ஜிபூட்டி போன்ற பிற நாடுகளுக்குச் சென்றே நேர்காணலில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. பயணச் செலவும் போயிற்று, விசாவும் போயிற்று. 2025 டிசம்பரில் இத்திட்டத்தையே இடைநிறுத்தும் அறிவிப்பும் வெளியாயிற்று. ஆதலின் விண்ணப்பிக்க எண்ணுவோர் முதலில் அறியவேண்டுவது, அவ்வாண்டு வாயில் திறந்திருக்கிறதா என்பதே.

சூது நுழையும் இடம்

சார்லஸ் பியட் என்னும் மானிடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் ஆய்ந்து, 2019இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி வருகிறது. தேர்வான ஏழைக்கு நேர்காணல் கட்டணத்துக்கு வழியிராது. வசதியுள்ள ஒருவர் செலவை ஏற்பார். கைம்மாறாக அவர் தேர்வானவரின் 'மனைவி'யாகவோ 'கணவ'ராகவோ தாளில் சேர்க்கப்படுவார். நிகாஹ் பணயப்பொருள் ஆகிவிடும் இவ்விடத்தில் பெரியவரின் அச்சம் முற்றும் பொருந்தும். பொய்யென்று நேர்காணலில் வெளிப்பட்டால் இருவர்க்கும் அமெரிக்க வாயில் நெடுங்காலம் அடைபடும்.

பதிவின்போது தரப்படும் உறுதி எண்ணைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் முகவர்களும் உளர். வெளியுறவுத் துறை 'வென்றீர்' என்று எவர்க்கும் கடிதமோ மின்னஞ்சலோ விடுப்பதில்லை. விண்ணப்பித்தவரே அவ்வெண்ணைக் கொண்டு அத்துறையின் இணையதளத்தில் பார்த்தறிதல் வேண்டும். எண் முகவரிடம் இருந்தால் விண்ணப்பம் நம்முடையது, விடை அவருடையது. அவர் கேட்கும் தொகையே அப்போது விலை.

நம் மாணவர் தம் பணத்தைத் திரும்பக் கேட்டுச் சென்றார். பாதி கிடைத்ததாகப் பின்னர்த் தெரிவித்தார். அண்ணியாரின் பிறப்புச் சான்றிதழைக் கொழும்பிலிருந்து வரவழைத்து நம்மிடம் காட்டவும் வந்தார். சான்றிதழில் பெயர் ஃபாத்திமா. ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்று. கடவுச்சீட்டில் அதே பெயர், எழுத்துக்கூட்டு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே என்றார். நமக்கு ஒன்றுதான், அயலகத் தூதரகத்துக்கு இரண்டு பெண்கள் என்று சொல்லி, உறுதிமொழிப் பத்திரம் எழுத நோட்டரி ஒருவரிடம் அனுப்பிவைத்தோம்.